எலும்பு நீக்கிய கறி

எங்கள் பப்பா பூனைக்குக் கறி நறுக்குவதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். எனக்கு எரிந்தது. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு புதுச்சேரி திரும்பிய சொல்தா அவர். வீட்டில் ஒரு தம்ளரைக்கூட நகர்த்தி வைக்க மாட்டார். ஆனால் காலையில் கறிக்கடைக்குப் போய் வந்ததும் முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பிஃப்தேக் வறுவல் போடக்கூடிய நல்ல சதையாக எடுத்து, சவ்வும் எலும்புச் சில்லும் இல்லாமல் பார்த்துப் பார்த்துப் பொடியாக நறுக்குவார். சதை பூனைக்கு, எலும்பு பெற்ற பெண்ணுக்கு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பூனைமேல் எனக்கிருந்த பொறாமையைச் சொன்னால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சாம்பல் நிறப் பெட்டைக்குட்டி. பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். எதிர்வீட்டுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு பிரான்சுக்குக் கப்பலேறியபோது குட்டியை விட்டுப் போனார்கள். அது வந்த நாளிலிருந்தே பப்பா கறியைப் பச்சையாகத்தான் கொடுத்தார்.

"புலி என்னா அடுப்பு மூட்டியா சாப்புடுது?" என்று அம்மாவை மடக்குவார்.

அதுவரை சரிதான். எலும்பென்றால்தான் அவருக்கு நடுக்கம். பட்டாளத்தில் கூட இருந்த ஒருவருக்குக் கோழி எலும்பு தொண்டையில் சிக்கி, செத்துப் பிழைத்தாராம். அந்தக் கதையை நாங்கள் எத்தனை தடவை கேட்டிருப்போமோ, கணக்கே இல்லை.

மூன்றாவது மாதம் குட்டி விளையாட்டை நிறுத்தியது. பின்னங்கால்கள் வளைந்துபோய், நாலடி நடப்பதற்குள் உட்கார்ந்துவிடும். தூக்கினால் கத்தும். பொறாமையெல்லாம் போய் எனக்கே அழுகை வந்தது. பப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் கறி, அதோடு ஈரல்.

அந்தச் சமயத்தில் ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் வந்தது. நாற்பது நாளைக்கு எங்கள் வீட்டு வாசப்படியைக் கறி தாண்டாது. அந்த விஷயத்தில் பப்பா பட்டாளத்தைவிடக் கண்டிப்பு.

"நம்ம ஊட்டுப் பூனைக்கும் தபசுதான்" என்று சொல்லிவிட்டார்.

அம்மா குருசுகுப்பத்து மீன்காரியிடம் நெத்திலி வாங்கினாள். விரல் நீள மீனில் முள் எடுக்கப் பப்பாவாலும் முடியாது. வேறு வழியில்லாமல் தலையும் முள்ளுமாகப் பச்சையாகவே போட்டோம். அது விழுங்கும்போதெல்லாம் அவர் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் தபசின் கடைசி வாரமான பெரிய வாரம் வருவதற்குள் குட்டி முற்றத்தில் தட்டானைத் துரத்தியது! பப்பா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். நேர்ந்துகொண்டது பலித்ததாக அவர் எண்ணம். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

பாஸ்காப் பண்டிகை முடிந்ததும் பழைய கறி, பழைய முக்காலி. பட்ட விரதத்துக்கெல்லாம் சேர்த்து ஊட்டினார். மழைக்காலம் தொடங்குவதற்குள் குட்டி மறுபடி தளர்ந்தது. ஒருநாள் நாற்காலியிலிருந்து இறங்கியது. ஒரு முழ உயரம்கூட இருக்காது. முன்னங்கால் படக்கென்று முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

பட்டாளத்தில் பழகிய கையால் மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டினார் பப்பா. மறுநாள் கறிக்கடையில் அவர் முகத்தைப் பார்த்து பாய் விசாரித்தார். நானும் கூட இருந்தேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு பாய் கத்தியைக் கீழே வைத்தார்.

"முசியே, பூனை எலி புடிச்சா எலும்பத் துப்பிட்டா துன்னுது?"

பாயே மேலே சொன்னார்.

"வெறும் சதைல கால் நிக்குமா? நெத்திலி முள்ளுதான் அத்த ஓட வச்சிது. நீங்க அத்தப் போய் நிறுத்திட்டீங்க. வேக வச்ச எலும்புதான் சிலும்பா ஒடஞ்சி குத்தும். பச்சை எலும்பு மெத்துனு இருக்கும், கொத்திப் போடுங்க."

வீட்டுக்கு வந்ததும் பப்பா பூனைக் கூடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நான்தாம்மா ஒன் கால ஒடச்சேன்" என்றார்.

அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி பதினாறு வருஷத்தில் அவர் தப்பை ஒப்புக்கொண்டு அவள் கேட்டது அன்றுதான். அதுவும் பூனையிடம்.

அன்றிலிருந்து கோழிக்கழுத்தை வாங்கி எலும்போடு கொத்தினார். கொத்துவதிலும் பட்டாளத்து வேகம்தான். எலும்பு அதிகமாகி, குட்டிக்கு மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை. போனபோது சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாகப் போனது. பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"எலும்பே சோறாவுமா முசியே? ஒரு கை கறிக்குக் கட்டவெரல் நுனி அளவு போதும்."

அப்புறம் அந்த அளவு பிசகவில்லை. ஆறேழு வாரத்தில் கட்டை அவிழ்த்தோம். எலும்பு கூடியிருந்தது. பூனை நடந்தது, வலியில்லாமல் நடந்தது, நன்றாகத் தின்று கொழுத்தது. ஆனால் வளைந்த கால் வளைந்ததுதான். தெருப்பூனைகளெல்லாம் தோட்டத்து மதில்மேல் ஏறி உட்கார்ந்திருக்க, இது மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்.

அதைப் பப்பாவால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் ஆனால் அதைத் தூக்கி மதில்மேல் உட்கார வைப்பார். ஏறத் தெரியாதது இறங்கவும் முடியாதே. அதனால் பக்கத்திலேயே, மதில்மேல் கை வைத்தபடி நிற்பார். அது தெருவைப் பார்க்கும், காக்கையைப் பார்க்கும், அதற்கென்ன அவசரம்? ஒன்றிரண்டு நாளல்ல, அது இருந்த வரைக்கும் இப்படித்தான்.

அம்மா உள்ளேயிருந்து சத்தம் போடுவாள், "சாப்பாடு ஆறிப் போவுது, வந்து தொலைங்க!"

"ஆறட்டும். அது இன்னும் பாத்து முடிக்கல" என்பார் பப்பா.