எட்டு வராத டயர்

அடுத்தவர் காரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் ரிம்மை மடக்கிய விரலால் தட்டிப் பார்க்கிறார் சிவநேசன். காதை அருகில் கொண்டுபோகிறார். இன்னொரு தட்டு. பிறகு உள்விளிம்பைத் தடவி, விரலில் ஒட்டிய கரியை முகர்ந்து பார்க்கிறார். எதற்காக முகர்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காரின் சொந்தக்காரரான ஹைருல், நாலாவது மாடிக்காரர், வேலைக்குக் கிளம்பி வந்தவர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிறார்.

“தாஹானா?” என்று நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறார் சிவநேசன்.

“தாஹான், அங்கிள். தாஹான்” என்கிறார் ஹைருல். நேற்றும் அதையேதான் சொன்னார்.

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மாதமாக இந்தக் காட்சி நடக்கிறது. தாங்குமா, உழைக்குமா என்பதற்கு இங்கே எல்லார் வாயிலும் புழங்கும் மலாய்ச் சொல் தாஹான். மற்றவர்கள் எப்போதாவது சொல்வார்கள். சிவநேசன் அதை வைத்தே குடித்தனம் நடத்துகிறார். குடை வாங்கினாலும் தாஹானா, வாளி வாங்கினாலும் தாஹானா. போன வருடம் இரண்டாவது மாடியில் ஒரு கல்யாணம். விருந்து சாப்பிட்டு வீடு திரும்பியதும், மாப்பிள்ளையைப் பற்றி மனைவியிடம் அதே கேள்வியைக் கேட்டாராம்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். நல்லது பச்சைக் கூடைக்கு, பழுது சிவப்புக் கூடைக்கு. ஓய்வு பெற்றபோது தொழிற்சாலை ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “இது ரிஜெக்ட் பீஸு” என்று மேனேஜரிடமே திருப்பிக் கொடுத்தவர். காலையில் கடையிலிருந்து ரொட்டி சானாய் வாங்கி வந்தால், பொட்டலத்தைப் பிரித்து, ரொட்டியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். “அது சாப்புடுற சாமான் லா, சர்க்கியூட் போர்டு இல்ல” என்று மனைவி மோகனா அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார். அறுபது வயது, ஒல்லி உடம்பு, எப்போதும் கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் ஒரு சின்ன டார்ச். அவர் கடைக்குள் நுழைவதைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கம் போய்விடும் கடைக்காரர்கள் இந்த வட்டாரத்தில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்.

இப்போது அவருக்கு வேண்டியது மகள் காருக்குச் சக்கரம்.

ஷர்மினி ஒரே மகள், இருபத்தாறு வயது. இந்த வருடம்தான் நிபோங் திபாலைத் தாண்டி ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. தினமும் தீவிலிருந்து பாலம் கடந்து போய்வர ஒரு பழைய மைவி கார் வாங்கினாள். முன்பு அதை வைத்திருந்த பையன் ஷோக்குப் பேர்வழி. கறுப்பு ஸ்போர்ட் ரிம்மாகப் பெரிதாகப் பார்த்து மாட்டியிருந்தான். சக்கரம் பெரிசு, டயரின் கன்னம் மெலிசு. ஊருக்குள் ஓட்ட அது அழகுதான். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் உழுது போட்ட தோட்டச் சாலைக்கு அது ஆகுமா? ஒரு மழை நாளில், தண்ணீர் மூடிக் கிடந்த லுபாங்கில், அதாவது பள்ளத்தில், கார் இறங்கியது. முன் சக்கரம் விரிசல், பின் சக்கரம் கோணல்.

அன்று சாயங்காலம் மகள் போனை எடுக்கவில்லை. சிவநேசன் கூடத்துக்கும் மின்தூக்கிக்குமாக நடந்ததை நான் பார்த்தேன். கடைசியில் முழங்கால் வரை சேறோடு, இன்னொரு டீச்சரின் காரில் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினாள். “லுபாங்ல உட்டுட்டேன் பா, அங்க லைன் கெடைக்கல” என்றாள். அவர் டார்ச்சை எடுத்து மகளின் கைகால்களைத்தான் முதலில் பார்த்தார்.

மறுநாள் கார் ஜாஹிர் கடைக்கு வந்து சேர்ந்தது. ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் டயரும் ரிம்மும் விற்கும் கடை. ஜாஹிருடைய அப்பா காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறது. ஜாஹிர் ஒரே மூச்சில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்: “அண்ணே, ஸ்போர்ட் ரிம்மு அடி வாங்குனா வெடிச்சுரும். இரும்பு ரிம்மு வளையும், தட்டி எடுத்துக்கலாம். ஒரு சைஸ் சின்னதா போடுங்க, டயரு நல்லா மொத்தமா போடுங்க. தோட்டத்து ரோட்டுக்கு அதான் தாஹான்.”

தாஹான் என்ற சொல்லை ஜாஹிரே சொல்லிவிட்டார். அன்றோடு வேலை முடிந்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நம்பி, சனிக்கிழமை இவரோடு கடைக்குத் துணைக்குப் போனேன். இரும்பு ரிம் நாலும் தயாராக வெளியே உருட்டி வைத்திருந்தார் ஜாஹிர். சிவநேசன் தட்டினார், கேட்டார், முகர்ந்தார். தரையில் உருட்டிவிட்டு அது போகும் வழியை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். எல்லாம் சரி. ஆனால் வாங்கவில்லை.

“சனிக்கெழம இரும்பு வாங்கக்கூடாது தம்பி” என்றார் என்னிடம்.

“பரவால்ல, திங்கக்கெழம வாங்க” என்றார் ஜாஹிர்.

திங்கள் முதல் வெள்ளி வரை சிவநேசன் எங்கே வருவது? கார் சரியாகும்வரை மகளைத் தன் காரில் தானே கொண்டுபோய் விட்டு அழைத்து வருவதாக ஏற்றுக்கொண்டிருந்தார். இருவரும் பாலத்து நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேர்வதற்குள் கடை மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஆக, வாரத்தில் இவருக்குச் சக்கரம் வாங்க நாளே கிடையாது. இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இரண்டு வாரம் பிடித்தது.

அடுத்த சனிக்கிழமை டயரில் ஒரு குறை கண்டுபிடித்தார். டயரின் பக்கவாட்டில் அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் நாலு இலக்கமாக அச்சடித்திருப்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தார். 2024 என்று இருந்தது. உதடு அசைந்தது. கூட்டுகிறார் என்று புரிந்தது.

“எட்டு வருது. ரிஜெக்ட்.”

“அண்ணே, அது இருபதாவது வாரம், இருபத்து நாலாம் வருசம்!” என்று ஜாஹிர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அத போயி யாராச்சும் கூட்டுவாங்களா?”

“எட்டு சனியோட நம்பர் லா. பொண்ணு ஓட்டுற காடி.”

எட்டு என்றால் சீனர்கள் காசைக் கொட்டும் ஊர் இது. அந்த டயர்களை அன்று மத்தியானமே ஒரு சீனப் பெரியவர் வாங்கிக்கொண்டு போனாராம். எட்டு வருகிறது என்று ஜாஹிர்தான் அவரிடம் எடுத்துச் சொன்னாராம். ஜாஹிரை இலேசாக நினைத்துவிடக் கூடாது.

இதற்கிடையில் மைவி, ஜாஹிர் கடையின் பின்புறம் செங்கல்மேல் நின்றது. அதன் அடியில் ஒரு பூனை குட்டி போட்டுவிட்டது. சிவநேசனோ தோட்டத்தில் பிரபலமாகிக்கொண்டிருந்தார். காலையில் மகளை இறக்கிவிட்டு வீடு திரும்பினால் மறுபடி யார் போவது என்று, பள்ளி வேலிக்கு வெளியே செம்பனை நிழலில் காரை நிறுத்திவிட்டு, சாயங்காலம் மகள் வேலை முடிந்து வரும்வரை அங்கேயே இருப்பார். பிளாஸ்கில் தேநீர், ஒரு தினசரி. இடைவேளையில் பிள்ளைகள் வேலியோரம் வரிசையாக நின்று, “வணக்கம், டீச்சர் அப்பா!” என்று ஒரே குரலில் கத்துவார்கள். அவரும் காரிலிருந்து இறங்கி நின்று ஒழுங்காக வணக்கம் சொல்வார். ஒரு நாள் பள்ளியின் சறுக்குமரத்தைக் கூட ஆட்டிப் பார்த்து, இரண்டு திருகாணி தளர்ந்திருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறார். ஷர்மினிக்கு மானம் போயிற்று.

“அவரு ரிம்மா பாக்குறாரு?” என்று மோகனா அக்கா ஒரு நாள் என்னிடம் மின்தூக்கியில் கேட்டார். “வேலைக்கு இருந்த காலம் பூரா நைட் ஷிப்டு. புள்ள ஸ்கூலு போறப்ப இவரு தூங்குவாரு, இவரு வேலைக்கு போறப்ப அது தூங்கும். இப்ப வர போவ ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து வருதுல்ல. சக்கரம் கெடைச்சுட்டா அது தனியா போயிரும். அதான் கெடைக்க மாட்டேங்குது.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “இதுல என்னான்னா, இந்த மாசக் கடைசிக்குள்ள காடி வரலன்னா அங்கயே ரூம்பு எடுத்து தங்கிக்கிறேன்னு சொல்லிருச்சு தம்பி. ரெண்டு டீச்சருங்க இருக்காங்களாம். எடமும் பாத்தாச்சு. இவருகிட்ட நேத்துதான் சொன்னிச்சு. ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தாரு.”

எனக்கு அன்று அவர்மேல் கோபமும் பரிதாபமும் சேர்ந்தே வந்தன. பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பார்த்து, இருக்கிற பிள்ளையையும் வீட்டைவிட்டு அனுப்பப் போகிறாரே இந்த மனிதர்!

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, கதவைத் தட்டி, “தம்பி, ஜாஹிர் கடை வரைக்கும் வர்றீங்களா?” என்றார். கூடவே ஷர்மினி நின்றாள். சட்டையில் கஞ்சி இல்லை. அது மோகனா அக்காவின் வேலைநிறுத்தமா, இவருடைய மறதியா, தெரியவில்லை.

ஷர்மினி வெள்ளை ஸ்போர்ட் ரிம்தான் கேட்பாள் என்று அவர் வழியெல்லாம் என் காதோடு சொல்லிக்கொண்டு வந்தார். கேட்டால் மறுக்க மூன்று காரணம் வைத்திருந்தார். அவள் கடைக்குள் போய், சுற்றிலும் பார்த்து, ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த இரும்பு ரிம்மைக் காலால் லேசாகத் தட்டினாள்.

“இதே போடுங்க ஜாஹிர் அண்ணே. அங்க எல்லாரும் இதான் போட்டுருக்காங்க. வளைஞ்சா லாரி ஒர்க்‌ஷாப்ல சுத்தியலால தட்டிக் குடுத்துருவாங்க. ஸ்பேருக்கும் சேத்து அஞ்சு.”

அவ்வளவுதான். இவர் ஒரு மாதம் பார்த்த வேலையை ஜாஹிர் தேநீர் ஆற்றி முடிப்பதற்குள் முடித்துவிட்டாள். ஜாஹிர் மொத்தமான புது டயர்களை எடுத்து உருட்டினார். சிவநேசன் பழக்கதோஷத்தில் குனிந்து டார்ச் அடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நாலு இலக்கம்: 1025. உதடு அசைந்தது.

எட்டு. இரும்பு. அதுவும் சனிக்கிழமை.

ஜாஹிர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஷர்மினி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவநேசன் வாயைத் திறந்தார். ‘ரிஜெக்ட்’ என்ற அந்த ஒற்றைச் சொல் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அவர் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“தாஹானா மா?” என்று கேட்டார்.

“தாஹான் ஆவும் பா” என்றாள் அவள். “டெய்லி வீட்டுக்கு வந்து போறதுக்குத் தாங்கும்.”

முப்பது வருடம் பழுதைக் கண்டுபிடித்த கண் அன்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. எனக்கு அந்த மனிதரை அப்போது மிகவும் பிடித்துப்போயிற்று. ஜாஹிர் பூனையையும் குட்டிகளையும் ஒரு அட்டைப்பெட்டிக்கு மாற்றிவிட்டு ஜாக்கியை எடுத்தார்.

திங்கட்கிழமை விடியுமுன் என் மோட்டார் சைக்கிளை எடுக்கக் கீழே இறங்கினேன். மைவி உறுமிக்கொண்டு நின்றது. இரும்பு ரிம் பார்க்க அழகில்லை. நாலு டயருக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார் சிவநேசன். சந்தையில் கூடையைக் கவிழ்த்துத் தேர்ந்தெடுத்த பழங்கள். சனிக்கிழமை கடையிலிருந்து வீட்டுக்கு ஓட்டி வந்தது கணக்கில் வராது, இதுதான் முதல் பயணம் என்பது அவர் தீர்ப்பு. “தம்பி, கொஞ்சம் லைட்டு புடிங்க” என்றார். டார்ச்சைப் பிடித்தேன்.

“அப்பா, லேட்டாவுது.”

“போ மா. மெதுவா போ. சேந்ததும் போன் போடு.”

கார் நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பழங்கள் நசுங்கின. எங்கள் கார் நிறுத்தும் இடம் சாக்கடைப் பக்கம் கொஞ்சம் சரிவு. பின்பக்க இடது சக்கரம் தொடுவதற்குள் நாலாவது பழம் உருண்டு போய்விட்டது. ஷர்மினி கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுச் சாலைக்குத் திரும்பினாள். அவர் பழத்தைக் கவனிக்கவில்லை. பின்விளக்கின் சிவப்பு மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு திரும்பினார். எண்ணினார். நசுங்கியது மூன்று. நாலாவது, சாக்கடை மூடியின்மேல் முழுசாகக் கிடந்தது.

கை போனை எடுத்தது. மகளைத் திரும்பி வரச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். போனைப் பார்த்தார், சட்டைப் பையில் திரும்பப் போட்டார். குனிந்து அந்தப் பழத்தை எடுத்து, வேட்டியில் துடைத்து, பின்சக்கரம் நின்றிருந்த அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தார். யாரும் பார்க்கிறார்களா என்று மாடிகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். நான் அங்கேயே டார்ச்சோடு நிற்பது அவருக்கு நினைவில்லை போலும். வலது கால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வெறுங்காலைத் தூக்கிப் பழத்தின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கினார்.