படுக்க வைத்த தொட்டிகள்

ஷாகிதாவின் பொறுப்பில் முப்பத்தொரு தொட்டிகள் இருந்தன. தொட்டிக்கு ஒரு கிழங்கு. ஆறு வருடங்களுக்கு முன்பு மூன்றே கிழங்குகளில் தொடங்கியது அது. மலைக்காட்டுத் தரையில் வளரும் ஆர்க்கிட்; ஆடி, ஆவணியில் வெள்ளையாகப் பூக்கும். தைக்குள் இலை காய்ந்துவிடும். விரல்நுனி அளவுக் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும்.

செம்பரம்பாக்கத்தில் கிடங்குகளுக்கு நடுவே பதினான்கு ஏக்கரில் இருக்கிறது அவர் வேலை பார்க்கும் தனியார் தோட்டம். மாசியில் இலையில்லாமல் மஞ்சளாகப் பூக்கும் கோங்கு மரத்துக்கு ஒரு கூட்டம் வரும். ஐப்பசி மழையில் தழைக்கும் பெரணிகளுக்கு இன்னொரு கூட்டம். பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வேலைக்கு வரும் ஷாகிதாவுக்கு வயது நாற்பத்தாறு. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு: காலித் தொட்டியைக் கவிழ்த்து வைப்பார்; கிழங்கு தூங்கும் தொட்டியை, கோடை மழை இறங்காதபடி, படுக்க வைப்பார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த ஆண்டு ரம்ஜானுக்கு நான்கு நாள் விடுப்பு எடுத்தார். மதுரையிலிருந்து புதிதாக வந்த மேற்பார்வையாளர் பிரசன்னா, சரிந்து கிடந்த தொட்டிகளைக் குப்பை என்று நினைத்தார். மண்ணைக் கொட்டி, கார் நிறுத்துமிடத்தின் ஓரப் பள்ளத்தை நிரவச் சொன்னார். ஷாகிதா திரும்பியபோது முப்பத்தொன்றும் கழுவி அடுக்கப்பட்டிருந்தன.

“இன்னா தம்பி, தூங்கிகினு இருந்ததுங்கள எழுப்பி எங்க அனுப்புன?”

“யாருக்கா தூங்குனா? வெறும் மண்ணுதானக்கா கெடந்துச்சு?”

விஷயம் புரிந்ததும் பிரசன்னா மண்வெட்டியோடு ஓடினார். ஏழு கிழங்குகள் கிடைத்தன. ஐந்து நசுங்கியிருந்தன.

“போதும் நைனா! நீ தேடுனா மிச்சமும் பூடும்.”

ஷாகிதா அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். உரிமையாளரிடம் இருவரும் சேர்ந்தே போய்ச் சொன்னார்கள். ஆடி வரை பார்க்கலாம் என்றார் அவர். அந்த மூன்று மாதமும் ஷாகிதா வேலைக்கு வந்ததும் முதலில் போய் நின்றது கயிற்றருகேதான்.

ஜூன் கடைசியில் நல்ல மழை. ஒரு வாரம் கழித்து, “அக்கா, முளைச்சிருச்சுக்கா!” என்று கத்தினார் பிரசன்னா.

ஷாகிதா குனிந்து பார்த்தார். “அது கோரைப்புல்லு நைனா. ஊர்ல தோட்ட வேலையா பாத்த, இல்ல டீக்கடையா?” என்றவர் சட்டென்று நிறுத்தினார். புல்லுக்குப் பக்கத்தில் சுருட்டிய பச்சை இலை ஒன்று. தள்ளி இன்னொன்று. காருக்கான தடுப்புக்கல்லில் உட்கார்ந்து டீ கேட்டார்.

ஜூலை நடுவில் இருபத்திரண்டு எண்ணிவிட்டார்கள். “தொட்டில இருந்தத விட கொழுப்பாதான் கீது,” என்கிறார் ஷாகிதா.

இலை காயும் தை வரை பார்வையாளர்களின் கார்கள் எதிரே, கிடங்குச் சுவரோரம் நிற்கும்.