போர்மாவை ஒட்டிய இரண்டு நாள்

இரணியலிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் நான் வேலை பார்க்கும் அண்டி ஆபீஸ். முந்திரி ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். நூற்றுச் சொச்சம் பெண்கள் அங்கே அண்டி உடைக்கிறோம், தோல் உரிக்கிறோம், தரம் பிரிக்கிறோம். மானேஜர், மேஸ்திரி, மூட்டைச் சுமடு எடுக்கிறவர்கள் என்று ஆண்கள் ஏழெட்டுப் பேர். எந்திரத்தின் பக்கத்தில் ஆண்கள் நிற்பார்கள். பருப்பின் முன்னால் பெண்கள் உட்கார்ந்திருப்போம்.

நான் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவள். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே என் வேலை ஒட்டுவது. சூடு தாங்கும் எபாக்சி இரண்டு டப்பாவாக வரும். ஒன்று பிசின், மற்றது அதை இறுக வைக்கும் ஹார்டனர். சரியான அளவில் கலந்து, சரியாகக் காயவிட்டால், வெந்நீர் ஓடும் பம்பிலும் அந்த ஒட்டு விடாது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஊருக்குத் திரும்பினேன். அண்டி ஆபீஸில் மெயின்டனன்ஸ் வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். முதல் நாளே மானேஜர் என்னைப் பேக்கிங் மேசைக்கு அனுப்பினார்.

"மெஷினு காரியமெல்லாம் மேஸ்திரி பாத்துக்குவாரு. நீ இஞ்ச இரி."

ஒன்றரை வருடம் அங்கேயே இருந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை போர்மா நின்றது. உடைத்தெடுத்த பருப்பைத் தட்டுகளில் அடுக்கி, சூடான காற்றில் உலர்த்தும் அறைதான் போர்மா. அதில் உலர்ந்தால்தான் பருப்பின் தோல் கையோடு வரும். காற்றை அறைக்குள் தள்ளும் விசிறியைச் சுற்றி வார்ப்பிரும்பில் ஒரு கூடு உண்டு. அந்தக் கூட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். சூடெல்லாம் வெளியே சீறிக்கொண்டு போனது. போர்மா ஓடாவிட்டால் தோல் உரிக்கும் பெண்களுக்கு வேலை இல்லை. அன்றைக்குப் பாதிப் பேர் டிபன் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குப் போனார்கள்.

வெல்டர் வந்து பற்ற வைத்தார். பற்ற வைத்த இடத்தை ஒட்டியே விரிசல் இன்னும் இரண்டு விரற்கடை ஓடியது. புதுக் கூடு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். புதன்கிழமை மேஸ்திரி கடையில் கிடைக்கும் சாதாரணப் பசையை வாங்கி அப்பினார். அரை மணி நேரத்தில் போர்மாவை ஓட்டினார். சூடு ஏறியதும் அந்தப் பசை மெழுகு போல இளகி ஒழுகியது.

நான் மேசையை விட்டு எழுந்து போனேன்.

"அண்ணா, இத ஒட்டலாம். ஆனா இந்தப் பசை இல்ல. சூடு தாங்குகது வேற உண்டு."

மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏட்டி, வெல்டிங்குக்கே நிக்கல்ல. நீ பசைய வச்சிக்கிட்டு வாறியா?"

பக்கத்தில் நின்ற சுமட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நான் நேராக மானேஜரிடம் போனேன். இரண்டு நாள் தாருங்கள், ஒட்டித் தருகிறேன், விட்டுப் போனால் திங்கட்கிழமை முதல் நான் வரமாட்டேன் என்றேன். யோசித்துச் சொன்ன பேச்சில்லை அது, கோபத்தில் வந்தது. மானேஜருக்கும் வேறு வழி இல்லை. கொல்லத்திலிருந்து முதலாளி மணிக்கு ஒரு தடவை போன் செய்துகொண்டிருந்தார். பழைய கம்பெனித் தோழி ஒருத்தியிடம் சொல்லி, இரண்டு டப்பாவையும் கோயம்புத்தூர் பஸ்ஸில் பார்சல் போட வைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் பார்சல் வந்ததும் வேலையைத் தொடங்கினேன். விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டேன். அப்படிச் செய்தால் அது அதற்கு மேல் ஓடாது. வெல்டிங் கட்டியையும் பெயின்ட்டையும் கிரைண்டரால் தேய்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினேன். அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தேன். துணியில் கறுப்பு வராமல் ஆகும்வரை துடைத்தேன். மேலே வைத்து ஒட்ட ஓர் இரும்புத் தகட்டைக் கூட்டின் வளைவுக்குத் தட்டி எடுத்தேன். உள்பக்கம் ஒரு பொட்டுப் பசையும் படவிடவில்லை. உள்ளே ஓடும் காற்று மனிதர்கள் தின்னும் பருப்பின் மேல் படுகிற காற்று.

பேக்கிங் அறையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய தராசில் பிசினையும் ஹார்டனரையும் நிறுத்தேன். மேஸ்திரி வாசலில் நின்று பார்த்தார்.

"ரெண்டாவது டப்பாவ கொஞ்சம் கூட ஊத்து. சட்டுனு இறுகும்."

"கூடினாலும் கெடும், கொறஞ்சாலும் கெடும் அண்ணா."

நிறம் ஒன்றாகும்வரை கலக்கினேன். பூசினேன், தகட்டை வைத்தேன், கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மிச்சத்தை ஒரு காகிதக் கப்பில் எடுத்து வைத்தேன். பிறகு யாரும் போர்மாவை ஓட்டிவிடாதபடி அதன் மின்சாரப் பெட்டியைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் மானேஜர் வந்தார். தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சாச்சே. ஓட்டலாமே?"

"நாளைக் காலை வரைக்கும் இப்படியே இருக்கணும் சார். பெறகு பைய பைய சூடு காட்டணும். நாளை மத்தியானம் ஓட்டலாம்."

"சாவியத் தா."

"தரமாட்டேன்."

அந்த வார்த்தையை அந்தக் கட்டடத்தில் அவரிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் முகம் சிவந்தது.

அவரை எதிர்ப்பதாவது எனக்குச் சுலபமாக இருந்தது. சத்தம் கேட்டு தோல் உரிக்கும் அறையிலிருந்து ஓர் அக்கா எழுந்து வந்தார். பதினைந்து வருடமாக அங்கே வேலை செய்கிறவர். மற்றப் பெண்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள். வேலை எப்போது தொடங்கும் என்று அறியக் காலையிலிருந்து காத்திருந்தார்.

"ஏட்டி, உனக்க வீம்புக்கு நாங்க எத்தன நாளு சும்மா இருக்கது? ஒட்டியாச்சுன்னா ஓட விடு."

காகிதக் கப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"நகத்த வச்சு அமுக்கிப் பாருங்கக்கா."

அமுக்கினார். நகம் பதிந்து பிறை போல அடையாளம் விழுந்தது.

"தகட்டுக்க அடியிலயும் இப்ப இப்படித்தான் இருக்கும். இப்ப ஓட்டுனா நேத்து போல ஒழுகும். பெறகு மூணு வாரம் எல்லாரும் வீட்டுல இருக்கணும்."

அக்கா கப்போடு மானேஜரிடம் திரும்பினார்.

"சார், அவ சொல்லுகதுல காரியம் உண்டு. நாளைக்கு ஓட்டுவோம்."

மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நேத்து நீரு ஓட்டினதயும் பாத்தோமே" என்றார் அக்கா. அதோடு பேச்சு முடிந்தது. சாவியோடு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலையில், எங்கள் சர்ச்சில் ஊர் கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்குக் கட்டும் ஹாலஜன் விளக்குகள் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அவற்றைத் தகட்டுக்கு எதிரே வைத்து, மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் நகர்த்திச் சூட்டை ஏற்றினேன். அக்கா தானாக வந்து கப்பில் நகத்தை வைத்து அமுக்கினார். இந்தத் தடவை பதியவில்லை. நகம்தான் வளைந்தது.

மத்தியானம் கிளாம்பைக் கழற்றி விசிறியைப் போட்டேன். பெண்கள் எல்லாரும் வாசலில் வந்து நின்றார்கள். ஒரு சாம்பிராணிக் குச்சியைப் பற்ற வைத்துத் தகட்டின் ஓரமெல்லாம் காட்டினேன். எங்காவது காற்றுக் கசிந்தால் புகை விலகும். புகை நேராக மேலே போனது. ஒரு மணி நேரம் கழித்து, கூட்டின் மேல் கை வைக்க முடியாத சூட்டிலும் நேராகவே போனது.

மானேஜர் அங்கேயே நின்று முதலாளிக்கு போன் செய்தார். "ஓடுது முதலாளி. நம்ம மேஸ்திரி ஒருவிதமா சரியாக்கிப்போட்டாரு."

போன் வரை கேட்கும்படி நான் சத்தமாகச் சொன்னேன். "ஒட்டினது நான். சாவியத் தராம வச்சிருந்ததும் நான்தான்."

விசிறிச் சத்தத்துக்கு மேலே பெண்கள் சிரித்தது கேட்டது. இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பல்ல. மானேஜர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மூன்று வாரத்தில் புதுக் கூடு வந்தது. அதுவரை ஒட்டு விடவில்லை. பழையதைக் கழற்றியதும் மேஸ்திரி உளியை வைத்துத் தகட்டைப் பெயர்த்துப் பார்த்தார். ஐந்தாறு அடி அடித்தார். தகடு வளைந்தது, வரவில்லை. உளியைப் பெட்டியில் போட்டார்.

எனக்குப் பாராட்டெல்லாம் கிடைக்கவில்லை. ஒட்டிய மறுவாரம் திங்கட்கிழமை மானேஜர் சொன்னது இவ்வளவுதான்: "போர்மா ஓடியாச்சுல்லா, இனி மேசைக்குப் போ." நான் போகவில்லை. வீட்டிலிருந்து என் ஸ்பானர் பெட்டியைக் கொண்டுவந்து, போர்மாவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சம்பளப் பதிவேட்டில் என் பெயர் இன்னமும் பேக்கிங்கில்தான் இருக்கிறது. பெல்ட் அறுந்தாலும் மோட்டார் சத்தம் மாறினாலும் பெண்கள் மேஸ்திரியைத் தேடிப் போவதில்லை. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மானேஜர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பார்க்கட்டும்.