பாலிஷில் உப்புப் போட்ட மாமா

இன்று மத்தியானம், சூளகிரியிலிருந்து ஓசூர் வரும் பஸ்ஸில், பக்கத்து இருக்கை மாமா என்னிடம், "ஏம்மா, அதுக்குள்ள பொழுது போயிடுச்சா?" என்று கேட்டார்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மாமா எங்கள் தெருத் தச்சர். சின்ன வயதில் எனக்குப் பெங்களூரிலிருந்து கன்னடப் படப் புத்தகங்கள் வாங்கி வருவார். எங்கள் இருவருக்கும் கன்னடம் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து அவரே கதை கட்டுவார். அவர் கதையில் புலிகூடச் சாகாது.

"என்னய்யா குடிச்சே?" என்று கண்டக்டர் உலுக்கினார்.

"மேஜைக்குப் பூசற பாலிஷ்தாண்ணா, அதுலயும் ஸ்பிரிட்டு இருக்குல்ல. கள்ளுக்கடைதான் மூடிட்டாங்களே! உப்புப் போட்டுத் தெளிய வெச்சேன். விஷமெல்லாம் அடியில தங்கிடுச்சு."

பின்சீட்டுக்காரர் சிரித்தார். "உப்பு கம்மியாப் போட்டிருப்பே. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

பஸ் நேராக ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது. உயிர் தப்பினாலும் பார்வை திரும்பாது என்றார் டாக்டர். மாமா என் கையை விடவேயில்லை.

பின்சீட்டுக்காரர் மெல்ல முன்னால் வந்தார். "சார், அப்படியே என் கண்ணையும் கொஞ்சம் பாருங்க."

தோழிகளே, உங்கள் வீட்டில் பாலிஷ் புட்டிக்கு யார் காவல்? இந்தச் சுவர்ப் பத்திரிகையிலேயே கீழே எழுதுங்கள்.