வடமேற்கு மூலைக் கெண்டைகள்

என் தங்கை கண்ணாத்தாள் ஜெயித்தது இவர்களை: ஒரு மிராசுதார், அவருடைய காரியக்காரர், தாலுகா ஆபீஸ் சர்வேயர். ஜெயித்து வாங்கியது, குடவாசலுக்குக் கிழக்கே ஒன்றே கால் ஏக்கர் குட்டை. அதில் பதினோரு குடும்பங்கள் மீன் பிடிக்கும் உரிமை. அவளிடம் வக்கீலும் இல்லை, பத்திரமும் இல்லை.

எட்டு வயதிலிருந்தே அவளுக்குத் தண்ணீரைப் பார்ப்பதுதான் வேலை. சிவப்பாக விரால் குஞ்சுகள் மிதந்தால் அடியில் தாய் காவல் நிற்கிறது என்பாள். தூண்டிலைப் போடுவாள், தாய் விரால் மாட்டும். வீட்டில் அவளுக்கு உதவாக்கரை என்று பெயர். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

ஒரு மாசி மாதம் மிராசுதார் துரைராசு குட்டையைச் சுற்றி முள்வேலி போட்டார். தாத்தா வெட்டியது, தன் பட்டா நிலம் என்றார். அந்தத் தாத்தா மண்வெட்டியைத் தொட்டதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. குட்டை ஆற்றோடு சேர்ந்தது என்றால் புறம்போக்கு, ஊருக்குப் பொது; சேராவிட்டால் அவருடையது. எங்கள் மனுவின்பேரில் வந்த சர்வேயர், பண்ணை வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நான்கு கரையையும் அளந்து, ஆற்றிலிருந்து வாய்க்கால் இல்லை என்று எழுதினார்.

ஆடியில் ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தது. மறுநாள் தாசில்தார் கடைசி விசாரணைக்கு வந்தார். இது ஏழைகளின் ஆட்சி என்று அந்த வாரம்தான் குடவாசலில் மைக் வைத்துச் சொல்லியிருந்தார்கள். அதனால் ஜீப் பண்ணை வீட்டில் நிற்காமல் நேரே குட்டைக்கு வந்தது.

கண்ணாத்தாள் அவரை வடமேற்கு மூலைக்கு அழைத்துப்போனாள். விரல் நீளக் கெண்டைகள் கூட்டமாகக் கரையைப் பார்த்து நின்றன. வால்கள் ஓயாமல் அடித்தன. ஒன்றும் இடம் மாறவில்லை.

"நின்ன தண்ணியில மீனு இப்படி நிக்காதுங்க. எதுக்க தண்ணி வந்தாத்தான் ஏறப் பாக்கும்."

"ஊத்து வருது," என்றார் துரைராசு.

"ஊத்துன்னா அடியிலேர்ந்துல்ல வரும்? இது கரையையில்ல மொறைச்சிக்கிட்டு நிக்குது."

குட்டையின் நடுவே ஒரு கை தவிடு வீசினாள். நடுவில் இருந்த மீன்கள் பாய்ந்தன. மூலைக் கெண்டை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

துரைராசு சிரித்தார். "இனிமே தாலுகா ஆபீஸுக்கு மீனுதான் சாட்சியாங்க?"

"மீனுக்கு யாரும் விருந்து போடலீங்க," என்றாள் கண்ணாத்தாள். சர்வேயர் தன் வரைபடத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

தாசில்தார் அந்த இடத்தில் தோண்டச் சொன்னார். மூன்றே முக்கால் அடியில் பழைய செங்கல் மதகு. அதன் வாயைப் பனந்துண்டும் களிமண்ணும் வைத்து அடைத்திருந்தார்கள். இடுக்கு வழியாக ஆற்றுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தாத்தா ஏதோ உழைத்திருக்கிறார் என்பது உண்மைதான்.

குட்டை ஆற்றுப் புறம்போக்கு, வேலியைப் பிடுங்க வேண்டும் என்று தாசில்தார் அங்கேயே மகஜர் எழுதினார். சாட்சி ஒப்பமிட வேண்டிய இடத்தில், காரியக்காரர் பஞ்சநதம் மைப்பெட்டியை நீட்டினார்.

"கட்டவெரல குடு புள்ள."

"பேனா குடுங்க," என்றாள்.

முந்தின வாரம்தான் தன் பெயரை என்னிடம் எழுதி வாங்கிப் பழகியிருந்தாள். ஒவ்வோர் எழுத்தாக, அவசரமே இல்லாமல் வரைந்தாள். அடுத்துக் கையெழுத்துப் போட வேண்டிய துரைராசு வெயிலில் காத்து நின்றார். மகஜரில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் தேதி 1973 ஜூலை 26, வியாழக்கிழமை.