சுவிட்ச் இல்லாத மீட்டர்

என் கணவர் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். கன்னியாகுமரி, ராமேஸ்வரம், பாண்டிச்சேரி என்று அவர் போகாத கடற்கரை கிடையாது. ஆனால் ஒரு தடவைகூடக் கடலில் கால் நனைத்தது கிடையாது. ஜனங்களை இறக்கிவிட்டு, சாமான்களுக்குக் காவலாக வண்டிக்கு அடியிலேயே துண்டு விரித்துப் படுத்துவிடுவாராம். ராத்திரி பூரா ஓட்டியவர் வேறு என்ன செய்வார்? திரும்பி வந்தால் வண்டிக்குள் கொட்டிக் கிடக்கும் கடல் மணலைக் கூட்டி அள்ளுகிறவள் நான். "மண்ணு மட்டும் வூட்டுக்கு வருது, தண்ணிய பாத்த ஆளு யாருன்னுதான் தெரியல" என்று கிண்டல் செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

கிட்னி இரண்டும் போன பிறகுதான் அவருக்குக் கடல் ஆசை வந்தது. சர்க்கரை வியாதி முதலில் கண்ணைக் கலக்கியது. அதோடு வண்டி ஓட்டுவது நின்றது. அப்புறம் கிட்னியில் கை வைத்தது. ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி அனுப்பினார்கள். மருந்துத் தண்ணீர்ப் பையை உயரத்தில் மாட்டி, அந்தக் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டு அடுத்த பை. தினம் நாலு தடவை. தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். ஜில்லென்று இறங்கினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்துப்போவார். இடம் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றில் சீழ் பிடிக்கும். பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் ஒற்றை அறை வாடகை வீட்டில் மருந்துப் பெட்டிகளை அடுக்கியது போக மிச்ச இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

"பாண்டிச்சேரி போதும். ஒரே ஒருவாட்டி. டிரைவரா இல்ல, பாசஞ்சரா," என்றார் ஒரு நாள். அந்த மனுஷர் என்னிடம் வாய்திறந்து எதையும் கேட்டதில்லை. புடவை நான் எடுப்பேன், சினிமா நான் சொல்வேன், சண்டைகூட நான்தான் ஆரம்பிப்பேன். அதனால் அந்த ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

லாட்ஜ் கட்டிலும் குளியலறையும் சுத்தமாக இருக்கும் என்று எப்படி நம்புவது? அவருடைய பழைய வேன் விலை போகாமல் தெருவில் நின்றிருந்தது. அதையே அறையாக்கினோம். சீட்டுகளைக் கழற்றிவிட்டு நீளவாக்கில் ஒரு கட்டில், பை மாட்ட மேலே ஒரு கொக்கி, கை கழுவக் குழாய் வைத்த கேன், ஒரு டியூப்லைட், பையைச் சூடாக்க பேட்டரியில் ஓடும் ஒரு சூட்டுத் தகடு. விளக்குக்கும் தகட்டுக்கும் என்று தனியாக இரண்டாவது பேட்டரி. என்ஜின் ஓடினால் இரண்டு பேட்டரியும் சார்ஜ் ஆகும், நின்றுவிட்டால் தனித்தனி. அவரோடு வேலை பார்த்த கன்னட டிரைவர் ஒருவர் ஓட்ட வருவதாகச் சொன்னார். என்னை "அத்திகே" என்று கூப்பிடுவார். அண்ணியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

என் பயமெல்லாம் அந்த இரண்டாவது பேட்டரியைப் பற்றித்தான். நடுவழியில் பை பாதி சூடாகியிருக்கும்போது அது படுத்துவிட்டால்? மிச்சம் எவ்வளவு என்று காட்ட ஒரு மீட்டர் வேண்டும். அதற்கு நான் யாரையும் தேடவில்லை. நான் ஒக்கலிபுரத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சால்டரிங் செய்தவள். என் சால்டரில் குறை சொன்ன சூப்பர்வைசர் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். முள் வைத்த மீட்டர்தான் மலிவு. ஆனால் பேட்டரி நிறைந்திருப்பதற்கும் தீர்ந்திருப்பதற்கும் வித்தியாசம் ஒரு வோல்ட் கூடத் தேறாது. அந்த முள் மயிரிழை நகர்வதை யார் பார்ப்பது? சாம்பல் நிறத் திரையில் கறுப்பு எண் காட்டும் டிஜிட்டல் மீட்டர் நல்லது, கரண்டை ஏதோ நக்கிப் பார்ப்பது போலத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் அவர் கண்ணுக்கு அந்தத் திரை வெறும் சாம்பல். மூன்றாவதாக, சிவப்பு எல்.ஈ.டி. எண்கள் எரியும் கிட் ஒன்று. நாமே சால்டர் செய்துகொள்ள வேண்டும், அதனால் விலை கம்மி. எண்கள் பெரியவை. கலங்கிய கண்ணுக்கும் தெரியும். அதையே வாங்கினேன்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். சரியான மீட்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒரே எண் காட்டும்வரை திருகினேன். வண்டியின் பின்சுவரில், கட்டிலில் படுத்தால் கால்மாட்டுக்கு மேலே தெரிகிற மாதிரி பொருத்தினேன். முதலில் விளக்குக்குப் போகும் வயரிலிருந்து இழுத்தேன். தகட்டைப் போட்டதும் எண் பொய்யாக இறங்கியது. அது வயரில் விழுகிற இழப்பு. அதனால் பிரித்துவிட்டு, நடுவில் ஒரு ஃப்யூஸ் வைத்து, நேராக பேட்டரி முனையிலேயே கொண்டுபோய் முறுக்கினேன். மெயின் சுவிட்சைத் தாண்டிய இணைப்பு அது, சுவிட்சை அணைத்தாலும் மீட்டர் அணையாது.

"இதுக்கு சுவிட்சு?" என்று கேட்டார், கட்டிலில் உட்கார்ந்துகொண்டு.

"காவலுக்கு நிக்கறவன் தூங்குவானா? எரியட்டும்," என்றேன். குரல் கொஞ்சம் சூடாகத்தான் வந்திருக்கும். அவர் கட்டிலில் சாய்ந்து எண்ணைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு சாயங்காலம் தெருவிலேயே ஒத்திகை பார்த்தோம். அவர் வேனுக்குள் படுத்துக்கொண்டார். தகட்டில் பையை வைத்துச் சூடாக்கி, கொக்கியில் மாட்டி இறக்கினேன். அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே எண்ணைச் சொன்னார். பன்னிரண்டு புள்ளி ஆறு, நாலு, இரண்டு. நான் தகட்டை அணைத்தேன். போன எண் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

"ஏறுதும்மா! ஏறுது!" என்று கத்தினார். வயிற்றில் குழாயோடு படுத்திருந்த ஆள் அப்படிக் கத்தியதும் எதிர்வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கிளம்பும் நாள் குறித்தோம். அதற்கு முன்பே வடித்த தண்ணீர் கலங்கலாக வந்தது. சீழ். ஆஸ்பத்திரி, ஊசி, காத்திருப்பு. மறுபடி குறித்தோம், மறுபடி கலங்கியது. கொஞ்சம் உடம்பு தேறட்டும் என்றார் டாக்டர். வேன் தெருவிலேயே நின்றது.

இருந்தும் தினம் காலையில் அவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப்போவார். என்ஜினைப் போட்டு, டிரைவர் சீட்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பார். தெருப் புகையும் தூசியும் அவருக்கு ஆகாது. "ஓடாத வண்டிக்கு எதுக்கு இந்தச் சீராட்டு? யோவ், டீசல் என்ன குழாயிலயா வருது?" என்று ஜன்னலிலிருந்து கத்துவேன். "நின்ன வண்டி கெட்டுடும்டி," என்பார். டிரைவர் புத்தி போகாது என்று நினைத்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் அந்தக் கன்னடக்காரரிடம் சாவியைக் கொடுத்து அனுப்புவார். அதற்கும் சேர்த்துத் திட்டுவேன்.

கடலுக்கு நாங்கள் போகவில்லை. ஒரு காலை இட்லி பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். நெஞ்சு நின்றுவிட்டது. சாம்பலை அவருடைய அண்ணன்மார் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் காவேரியில் கரைத்தார்கள். ஆறு கடலுக்குத்தானே போகிறது என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். அந்த வார்த்தை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஜனங்கள் போன பிறகு வேனைத் திறந்தேன். படுக்கை விரிப்பு அப்படியே இருந்தது. மீட்டர் எரிந்துகொண்டிருந்தது, கொஞ்சமும் மங்காத சிவப்பில். ஒன்பது புள்ளி எட்டு. பேட்டரி செத்துக் கிடந்தது.

என் மீட்டர்தான் தப்பாகக் காட்டுகிறது என்று முதலில் நினைத்தேன். வேறு மீட்டர் வைத்துப் பார்த்தேன். அதுவும் ஒன்பது எட்டு. விளக்கு எரியவில்லை, தகடு ஓடவில்லை, பின்னே யார் குடித்தது? துக்கம் கேட்க வந்த அந்தக் கன்னட டிரைவரிடம் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மீட்டர்தான் அத்திகே. ராத்திரி பகலு எரியுதில்ல, நின்ன எடத்துலயே கொஞ்ச கொஞ்சமா குடிச்சிடும். அண்ணனுக்கு மொத வாரமே கொத்தாயித்து, தெரிஞ்சிபோச்சு. அதான் டெய்லி இஞ்சின் போட்டு ஏத்தி வெச்சாரு. ஒரு சுவிட்சு போட்டா ஆயித்து, நான் போட்றேன்னேன். 'வேணாம்டா, அவ ஆசையா செஞ்சது, குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும்'னாரு."

ஃபேக்டரி மேஜையில் கரண்டு தீர்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தோன்றாமல் போனது அதுதான். ஆனால் அவருக்குச் சொல்வதற்கு என்ன? வாயில் என்ன கொழுக்கட்டையா? அந்த உடம்பை வைத்துக்கொண்டு தினமும் இறங்கிப்போய் புகையில் உட்கார்ந்ததற்கு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் நான் என்ன ஆட்டம் ஆடியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். செத்துப்போன மனுஷன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது, அந்தக் கோபத்திலேயே அழுகையும் வந்தது.

மறுநாள் காலையில் சால்டரிங் ராடும் ஒரு சுவிட்சும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். சின்ன வேலைதான். வயரை வெட்டக் கட்டரை வைத்தேன், அழுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு முன்னால் போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்த சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாவியைத் திருப்ப மட்டும் எனக்குத் தெரியும். இரண்டு தடவை இருமிவிட்டு என்ஜின் பிடித்துக்கொண்டது.

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். தெரு தெரியவில்லை. பின்னால் வருகிற வண்டியைக் காட்ட வேண்டிய கண்ணாடியை, என் மீட்டர் முகத்துக்கு நேராகத் தெரிகிற மாதிரி அவர் சாய்த்து வைத்திருந்தார். கண்ணாடிக்குள் சிவப்பு எண்கள் இடம் வலம் மாறிக் கிடந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவை ஒவ்வொன்றாக மாற ஆரம்பித்தன.

"ஏறுதுங்க," என்றேன், பின்னால் கட்டில்வரைக்கும் கேட்கும்படி.