ஹேராகாஜி திருப்பாத கடிகாரம்

நேபாளத்து லலித்பூர் கடைத்தெருவில் கம்பளி நூல் விற்ற ஹேராகாஜி, கண்ணெதிரே கறந்த பாலையும் விரல் விட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். அண்ணன் சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்தபின் அண்ணன் மகன் சுதனை வளர்த்தது இவர்தான். அண்ணி சாது, யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவாள். அவளுக்கும் சேர்த்து இவரே சந்தேகப்பட்டார்.

சுதனுக்கு ரஸ்மிலாவைப் பேசினார்கள். அவள் அம்மா நானிசோபா, ஹேராகாஜி மனைவிக்குத் தூரத்து உறவு. பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை. பிறந்த நேரத்தைத் தட்டினால் ஜாதகம் கணித்துத் தரும் ப்ரோக்ராம் ஒன்று ஊரெல்லாம் போனில் ஓடியது, அதை எழுதியவளே அவள்தான். பெண் வீட்டிலிருந்து, ஜோசியர் கையால் எழுதிய ஜாதகம் வந்தது. கன்னி லக்னம், தோஷம் கிடையாது. இனி பாக்கு அனுப்பி நிச்சயம் செய்யலாம்.

அனுப்புவதற்கு முன்னால், அவள் எழுதிய அதே ப்ரோக்ராமில் அவள் பிறந்த நேரத்தைத் தட்டிப் பார்த்தார் ஹேராகாஜி. சிம்ம லக்னம் என்றது. நாலாம் வீட்டில் செவ்வாய் வந்து உட்கார்ந்திருந்தது.

"பாத்தியாடா? அவ எழுதினதே அவளைக் காட்டிக் குடுத்துருச்சு. அந்தம்மா ஜோசியர்கிட்ட நேரத்தை மாத்திச் சொல்லியிருக்கா."

"எனக்கு அவதான் சித்தப்பா. செவ்வாய் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

"இருந்துட்டுப் போகாதுடா. உன்னைக் கூட்டிட்டுப் போயிரும்."

பாக்கு போகவில்லை. சேதி மட்டும் போனது. நானிசோபா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டாள். கொஞ்ச நாளில் ரஸ்மிலாவே கடைக்கு வந்து, யாரும் சொல்லாமலே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கம்மா பொய் சொல்லலை சித்தப்பா. தப்பு நான் எழுதினதுல. இப்ப திருத்திட்டேன், கன்னின்னு சரியா வருது."

"எழுதினவளே திருத்தினா கன்னி என்ன, கேட்ட ராசியெல்லாம் வரும்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கிரகம் எங்க நின்னுச்சுன்னு பாக்க, நம்ம நேரத்தை முதல்ல உலகத்துக்கெல்லாம் பொதுவான நேரமா மாத்தணும். நம்ம கடிகாரம் அதுக்கு அஞ்சேமுக்கால் மணி முன்னாடி ஓடுதுன்னு அந்த எண்ணையே எல்லா வருஷத்துக்கும் எழுதிட்டேன். ஆனா நான் பிறந்தப்போ இங்க அஞ்சரைதான். நான் நடக்கப் பழகின சமயத்துலதான் நாடு பூரா கால் மணி தள்ளி வெச்சாங்களாம். எண்ணை எடுத்துட்டுக் காட்மாண்டுன்னு ஊர்ப் பேரை எழுதியிருந்தா, எந்த வருஷத்துக்கு எந்தக் கணக்குன்னு கம்ப்யூட்டரே பாத்திருக்கும்."

ஹேராகாஜிக்குச் சுருக்கென்றது. கடிகாரத்தைத் தள்ளி வையுங்கள் என்று ரேடியோவில் சொன்னதும், ரேடியோக்காரன் சொன்னால் திருப்பிவிட வேண்டுமா என்று கடைக் கடிகாரத்தை ரொம்ப நாள் அப்படியே விட்டுவைத்ததும் அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஒரு நூல்கண்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

"நம்பலைன்னா விடுங்க. உங்க போன்ல நான் திருத்தாத பழசுதானே இருக்கு? அதுல அவரைப் போட்டுப் பாருங்க."

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. பெண்ணைச் சோதித்தவர் பையனைச் சோதிக்கவே இல்லை. சொந்த வீட்டுப் பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்? சுதன் பிறந்த நேரத்தைத் தட்டினார். ராசி மாறவில்லை, ஆனால் கல்லாப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய ஜாதகத்தில் இருந்ததைவிட லக்னம் சில பாகை பின்னால் நின்றது. தன் நேரத்தைத் தட்டினார். அதுவும் பின்னால்தான் நின்றது.

"இப்ப யாரோட அம்மா நேரத்தை மாத்திச் சொன்னாங்க சித்தப்பா?"

ஹேராகாஜி போனைக் கவிழ்த்து வைத்தார். எதிர்க்கடையைப் பார்த்து, "ரெண்டு டீ!" என்றார். பிறகு, "தண்ணி கலக்காத பால்ல போடு" என்றார்.

மறு வாரம் பாக்கு போனது. அதைத் தட்டோடு நானிசோபா கையில் கொடுத்தவர் அவரேதான். அவள் வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

புகுந்த வீட்டுக்கு வந்த அன்று, மருமகள் வழக்கப்படி ஆளுக்குப் பத்துப் பாக்காகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஹேராகாஜி உள்ளங்கையில் வாங்கி விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"பத்துதான் சித்தப்பா."

"எண்ணிட்டேன்மா" என்றார்.